கார் நிறுத்துமிடத்தில் ஒரு சமையல் தேர்வு

வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன் என்று தெரிந்தால் போதும், இளம் தெரபிஸ்டுகள் எல்லோரும் ஒரே கேள்வியோடு வந்துவிடுகிறார்கள். போன மாதம் கோயில் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்ற ஒரு பெண்ணும் அதையேதான் கேட்டாள். “ஆன்டி, உங்க கரியர்ல மறக்கவே முடியாத பேஷண்ட் யாரு?” கேட்டுவிட்டு முகத்தில் ஒரு புன்சிரிப்போடு காத்திருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு அழுத தாத்தா, கண்ணீர் மல்க நன்றி சொன்ன தாய் என்று நான் ஏதாவது இனிப்பாகச் சொல்வேன் என்ற எதிர்பார்ப்பு. அப்படிப்பட்டவர்களும் உண்டு. ஆனால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு கத்தி. அதற்குப் பின்னாலேயே கோபம் வரும். இத்தனை வருஷம் கழித்தும் அது ஆறவில்லை, ஆற வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

பிறந்தது தூத்துக்குடி. சென்னையில் ஆக்குபேஷனல் தெரபி படித்தேன், கல்யாணம் ஆனது, கலிஃபோர்னியா வந்தேன், இங்கத்திய தேர்வை எழுதித் தேறினேன். இதெல்லாம் எங்கள் ஊர்க்காரர்கள் பாதிப்பேரின் கதை. நான் பார்த்த வேலை என்ன என்று கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் என் மாமியார் கடைசிவரை என்னை நர்ஸ் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தார். பக்கவாதம் வந்தோ விபத்தில் அடிபட்டோ கை கால் முடங்கியவர்கள் மறுபடி குளிக்க, உடுத்த, சமைக்கப் பழக்குவது எங்கள் வேலை. வியாதியைக் குணப்படுத்துவது டாக்டர் பாடு. வியாதியோடு வீட்டுக்குப் போய் எப்படிக் குடும்பம் நடத்துவது என்பது எங்கள் பாடு.

தொண்ணூறுகளின் நடுவில் கலிஃபோர்னியாவின் வளைகுடாப் பகுதியில், கிழக்குப் பக்கம் ஒரு மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவில் இருந்தேன். வீடு ஃப்ரீமாண்ட்டில். காலையில் என் கணவர் தெற்கே சன்னிவேலில் இருந்த தன் கம்பெனிக்கு freeway பிடிப்பார், நான் வடக்கே பிடிப்பேன். எங்கள் இருவரின் கிரீன் கார்டும் என் மருத்துவமனை கொடுத்த மனுவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போது தெரபிஸ்டுகளுக்கு அவ்வளவு பஞ்சம்.

எங்கள் வார்டில் ஒரு பயிற்சிச் சமையலறை உண்டு. அடுப்பு, சிங்க், வீல்சேரில் இருப்பவருக்கென்று தாழ்வாகப் போட்ட ஒரு மேடை, சறுக்காத ரப்பர் விரிப்பு, ஆப்பிளையோ உருளைக்கிழங்கையோ குத்தி நிறுத்த இரண்டு ஆணி அடித்த ஒரு வெட்டுப்பலகை. வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு தேர்வு வைப்போம். ரொட்டியில் வெண்ணெய் தடவ வேண்டும், ஒரு தக்காளியை நறுக்க வேண்டும், டீ போட வேண்டும். அடுப்பை அணைக்க மறக்கிறாரா, கத்தியை எப்படிப் பிடிக்கிறார், எதை முதலில் செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்து எழுதுவோம். தேறினால் வீடு. தேறாவிட்டால் பெரும்பாலும் முதியோர் பராமரிப்பு இல்லம். ஒரு தக்காளி ஒருவருடைய மிச்ச வாழ்க்கையைத் தீர்மானிக்கும் என்று நான் சென்னையில் படித்தபோது யாரும் சொல்லித்தரவில்லை.

என் மேலதிகாரி பெயர் கேரல். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போடுவது சுலபமாக இருந்திருக்கும். குரலை உயர்த்தவே மாட்டார். நாம் ஏதாவது கேட்டால் தலையைச் சாய்த்து முழுவதையும் கேட்பார். பிறகு கையை நீட்டி நம் கழுத்தில் கோணலாகத் தொங்கும் அடையாள அட்டையை நேராக்குவார். நேராக்கிக்கொண்டே முடியாது என்பார். அந்த அட்டையைத் தொட்டாலே பதில் என்னவென்று எங்களுக்குத் தெரிந்துவிடும். முன்பு வேலை பார்த்த இடத்தில் நோயாளி ஒருவர் பயிற்சியின்போது விரலை வெட்டிக்கொண்டு வழக்கு வரை போனதாகக் கேள்வி. அந்தப் பயம் அவர் எலும்பு வரை இறங்கியிருந்தது. பயப்படட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. தன் பயத்துக்கு இன்னொருத்தியின் வீட்டை விலையாகக் கேட்டார் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த இன்னொருத்திதான் ஆக்னஸ். அலாஸ்காவின் வடக்குக் கரையில், கடல் உறையும் ஊர் ஒன்றைச் சேர்ந்த இன்யூட் பழங்குடிப் பெண்மணி. எழுபதைத் தொட்டுக்கொண்டிருந்தார். சான் ரமோனில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் மகள் ரூத்தைப் பார்க்க வந்த இடத்தில் பக்கவாதம் அடித்துவிட்டது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, புத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை. இடது கை மட்டும் தோளிலிருந்து செத்துத் தொங்கியது. கோல் பிடித்துக் கொஞ்சம் நடந்தார். ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் அவர் எங்களிடம் கேட்டதில்லை.

முதல் தேர்வுக்கு நான்தான் அழைத்துப்போனேன், கேரலும் கூட நின்றார். எல்லோருக்கும் முதலில் சாதாரணச் சமையலறைக் கத்தியைத்தான் கொடுக்க வேண்டும் என்பது அவர் வைத்திருந்த விதி. நீளமான, கூர்முனை உள்ள கத்தி. ஆக்னஸ் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பிடியை விட்டுவிட்டு, கத்தியின் முதுகின்மேல் உள்ளங்கையை வைத்துத் தக்காளியை அழுத்தினார். கத்தி புரண்டது. தக்காளி மேடையைத் தாண்டி ஓடியது. அவர் சுட்டுவிரலில் லேசாக ரத்தம் கசிந்தது.

நான் பஞ்சு வைத்து அழுத்திக்கொண்டிருந்தபோது அவர் நிதானமாகச் சொன்னார். அவர் பேசியது ஆங்கிலம்தான், என் காதில் விழுந்த தொனியில் எழுதுகிறேன். “இது ஆம்பளைங்க கத்தி. எனக்கு என் கத்தி வேணும்.”

கேரல் என்னை வாசல் பக்கம் கூட்டிப்போனார். “கவனிச்சீங்களா சாந்தி? கத்தியில ஆம்பளை பொம்பளைன்னு பேசறாங்க. குழப்பம் இருக்கு. எழுதிக்குங்க” என்றார்.

நான் எழுதவில்லை. ஆனால் அவர் எழுதினார். பாதுகாப்பு உணர்வு இல்லை, பேச்சில் குழப்பம் என்று தன் குறிப்பில் சேர்த்துவிட்டார். ஒரு மனுஷி சொன்னதன் அர்த்தம் என்ன என்று அவளிடமே ஒரு வார்த்தை கேட்பதற்கு என்ன செலவாகிவிடும்? இதைத்தான் நான் இன்றைக்கும் கேட்கிறேன். கேள்வி கேட்கப் படித்தவர்கள்தானே நாமெல்லாம்?

அன்று மாலை ரூத் ஆபீஸ் முடிந்து வந்ததும் நான் கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அம்மா கரெக்டாதான் சொல்லியிருக்காங்க. எங்க பக்கத்துல நீளக் கத்தி ஆம்பளைங்களோடது. வேட்டைக்குப் போறவங்க இடுப்புல இருக்கும். பொம்பளைங்களோடது உலு. அம்மா எங்க போனாலும் அது பெட்டியில இருக்கும். இப்பவும் என் வீட்டுலதான் இருக்கு.”

உலு என்றால் என்ன என்று விளக்கச் சொன்னேன். அவள் கையை விரித்துக் காட்டினாள். அரைவட்டமாக ஒரு தகடு, வளைந்த பக்கம் முழுக்கக் கூர். நேரான பக்கத்தின் நடுவில் பிடி. பிடியைப் பிடித்தால் கை தகட்டுக்கு நேர் மேலே இருக்கும், அதனால் தோளின் பலம் முழுவதும் செங்குத்தாக இறங்கும். மீனை அறுக்க அதுதான், சீல் என்ற கடல்நாயின் தோலிலிருந்து கொழுப்பைச் சுரண்டி எடுக்க அதுதான், அந்தத் தோலை உடுப்புக்கு அளவாக வெட்டவும் அதுதான். பெரிய இறைச்சிக்குப் பெரிய உலு, தையலுக்குச் சின்னது. குழந்தைக்கு முடி வெட்டக்கூட அதை எடுப்பார்கள் என்றாள். ஆக்னஸுடையதைச் செய்தது அவர் கணவர். பழைய கைரம்பத்தின் தகட்டை வெட்டி, மான் கொம்பில் பிடி போட்டுக் கொடுத்தாராம். அவர் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது.

“ஊர்ல வேட்டை முடிஞ்சதும் எங்க வீட்டுப் பங்கைக் கொண்டுவந்து அம்மா முன்னாடிதான் வைப்பாங்க. யாருக்கு எந்தத் துண்டுன்னு அறுத்து அனுப்பறது அம்மா” என்றாள் ரூத்.

அவள் சொல்லச் சொல்ல எனக்கு எங்கள் மேஜை இழுப்பறைதான் கண்ணில் நின்றது. ஒற்றைக் கைக்காரர்களுக்கென்று மருத்துவ உபகரணப் புத்தகத்தில் பார்த்து வாங்கி வைத்திருந்த ஒரு கத்தி அதில் கிடந்தது. அரைவட்டத் தகடு, மேலே பிளாஸ்டிக் பிடி. அமுக்கி இப்படியும் அப்படியும் ஆட்டினால் அறுபடும், பொருளை இன்னொரு கையால் பிடிக்க வேண்டியதில்லை. என் பாடப்புத்தகத்தில் அதற்குப் படமே உண்டு. இந்த அம்மாவுக்கு இருக்கும் ஊனத்துக்கு நாங்கள் கொடுக்கும் விசேஷக் கருவியை, அந்த அம்மா ஊனமில்லாத காலத்திலிருந்தே கையில் வைத்திருக்கிறார்! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாளைக்கே கொண்டுவாருங்கள் என்று ரூத்திடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் அவள் கொண்டுவந்தாள். முன்வாசல் காவலர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, ஆயுதத்தோடு உள்ளே விட முடியாது என்று நிறுத்திவிட்டார். எனக்கு ஆள் வந்தது. நான் கேரலைத் தேடிப்போனேன். இழுப்பறைக் கத்தியையும் கையோடு கொண்டுபோனேன்.

“ரெண்டும் ஒண்ணுதான் கேரல். பாருங்க, அதே வடிவம், அதே பிடி” என்றேன்.

அவர் தலையைச் சாய்த்து முழுவதையும் கேட்டார். பிறகு என் அட்டையை நோக்கிக் கை நீண்டது. “உங்க கையில இருக்கறது உபகரணம், சாந்தி. கீழ இருக்கறது ஆயுதம். கட்டடத்துக்குள்ள ஆயுதம் வரக்கூடாதுங்கறது பாலிசி.”

“எது ஆயுதம், எது உபகரணம்னு யார் முடிவு பண்றது?”

“வேணும்னா இந்தக் கத்தியில பழக்குங்களேன், நான் தடுக்கலையே” என்று சிரித்தார். புத்தகத்தில் விலைபோட்டு வந்தால் உபகரணம், புருஷன் செய்துகொடுத்தால் ஆயுதம். அதற்கு மேல் அதில் தத்துவம் ஒன்றும் இல்லை.

சரி, அதையும்தான் பார்ப்போம் என்று பிளாஸ்டிக் பிடிக் கத்தியை ஆக்னஸிடம் கொடுத்தேன். அவர் விளிம்பில் கட்டைவிரலை வைத்துத் தடவினார். எங்கள் பிரிவில் எந்தக் கத்தியையும் தீட்டக்கூடாது என்பது இன்னொரு விதி, அதனால் அது வெண்ணெயை மட்டுமே வெட்டும் பதத்தில் இருந்தது. தக்காளி நசுங்கியது, தோல் அறுபடவில்லை. “இதைக் குழந்தைக்குக் கொடுப்போம், விளையாட” என்றார். தீட்டுக்கல் இருக்கிறதா என்று கேட்டார். தீட்டுக்கல் கேட்டார் என்பதையும் கேரல் எழுதிக்கொண்டார்.

எனக்கு வீம்பு வந்துவிட்டது. கட்டடத்துக்குள்தானே வரக்கூடாது? கட்டடத்துக்கு வெளியே, ஊழியர்கள் கார் நிறுத்தும் இடத்தின் ஓரத்தில், சிகரெட் பிடிப்பவர்கள் உட்காரும் மர மேஜை ஒன்று இருந்தது. வெயிலுக்காக நோயாளிகளை வெளியே கூட்டிப்போவது எங்களுக்கு அனுமதிக்கப்பட்டதுதான். ரூத்தை மதியம் லீவு போட்டுவரச் சொன்னேன். அறுக்காத முழு சால்மன் மீன் ஒன்று, உலு, ஒரு காலி அட்டைப்பெட்டி, இவ்வளவும் போதும் என்றேன். தேர்வுத் தாளைப் பலகையில் மாட்டிக்கொண்டு ஆக்னஸை வீல்சேரில் தள்ளிக்கொண்டு போனேன்.

ரூத் காரிலிருந்து உலுவை எடுத்துக் கொடுத்தாள். அதை வாங்கியதும் ஆக்னஸின் தோள் இறங்கியது. வந்த நாளிலிருந்து அவர் தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார் என்பது அது இறங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அட்டைப்பெட்டியைப் பிரித்து மேஜைமேல் விரிக்கச் சொன்னார். மீனை வைத்தோம். பிறகு அவர் செய்ததை நான் இன்றைக்கும் வகுப்பெடுக்கச் சொன்னால் எடுப்பேன். வலது கையால் தன்னுடைய செத்த இடது கையைத் தூக்கி, மீனின் வால்பக்கம் குறுக்காக வைத்தார். வெறும் பாரமாக. அந்தக் கையை மறக்காதீர்கள், அதற்கும் ஒரு வேலை கொடுங்கள் என்று மாதக்கணக்கில் நோயாளிகளிடம் தலைபாடாக அடித்துக்கொள்வோம். யாரும் கேட்க மாட்டார்கள். இவர் யாரும் சொல்லாமலே செய்தார்.

தலை ஒரே அழுத்தில் வந்தது. வயிற்றைக் கீறிக் குடலை ஒதுக்கினார். முள்ளை ஒட்டியே உலுவை ஓட்டி இரண்டு பக்கமும் சதையைப் பிரித்தார், வாலில் மட்டும் இரண்டையும் சேர்ந்திருக்க விட்டார். பிறகு சதையில் குறுக்கே வரிசையாகக் கீறினார், அடித் தோலில் ஒரு கீறல் விழவில்லை. கொடியில் தொங்கவிட்டுக் காயவைப்பதற்கு அப்படித்தான் என்று ரூத் சொன்னாள். எழுதுவதை நான் எப்போதோ நிறுத்தியிருந்தேன். தூத்துக்குடி மீன் சந்தையில் வளர்ந்த கண் இது, மீன் அறுப்பதில் நல்ல கை எது என்று எனக்குத் தெரியும்.

அங்கேயே முடித்திருக்க வேண்டும். ஆனால் ரூத் அம்மாவுக்குப் பிடிக்குமென்று ஊரிலிருந்து வந்த உலர்ந்த இறைச்சியும் எடுத்துவந்திருந்தாள். ஆக்னஸ் ஒரு நீளத் துண்டை எடுத்து ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டார். மறுமுனை தொங்கியது. உலுவைக் கீழிருந்து மேலாக, உதட்டுக்கு ஒரு நூலிழை முன்னால் கொண்டுபோய் நறுக்கென்று அறுத்து, வாயில் நின்றதை மெல்லத் தொடங்கினார். அவர்கள் ஊரில் சாப்பிடுவதே அப்படித்தான். வாய் கொள்ளும் அளவு வாயிலேயே அளக்கப்பட்டுவிடும். இரண்டாவது வாய்க்கு அவர் கத்தியை உயர்த்தியபோது பின்னாலிருந்து ஓர் அலறல் கேட்டது. குரலை உயர்த்தவே மாட்டாத கேரல்!

“கத்தியை வாங்குங்க! முகத்துக்கிட்ட கொண்டுபோறாங்க! சாந்தி, வாங்குங்க அதை!”

ஆக்னஸ் திரும்பிப் பார்த்தார். சாப்பிடும்போது இப்படிக் கத்துகிறார்களே என்பதுபோல் ஒரு பார்வை. உலுவைத் துடைத்துத் தானாகவே ரூத்திடம் கொடுத்தார். கேரல் என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

“அறுக்கத் தெரியலைன்னு சொல்லலை. ஆனா கத்தி உடம்பை நோக்கிப் போகக்கூடாது. அது அடிப்படை விதி.”

“எங்க வீட்டுக் கத்தி எப்பவுமே என்னைப் பார்த்துதான் நிக்கும் கேரல். பலகையில நட்டு வச்சிருக்கும், அதைக் காலால மிதிச்சுக்கிட்டு, மீனைத்தான் கத்திக்குக் கொண்டுபோவோம். எங்க ஊர்ல கோடிப் பொம்பளைங்க அப்படித்தான் சமைக்கறாங்க. எல்லாருக்கும் விரல் இருக்கு.”

“உங்களுக்கு யாரும் தேர்வு வைக்கலையே” என்றார். அவ்வளவுதான். அடையாள அட்டையைக்கூட நேராக்கவில்லை.

இரண்டு நாளில் முடிவுக் கூட்டம். நோயாளியை எங்கே அனுப்புவது என்று டாக்டர், நாங்கள், குடும்பத்தார் சேர்ந்து பேசுவது. அதற்கு முந்தின மத்தியானமே கேரல் அறிக்கையைத் தட்டச்சு செய்து என் மேஜையில் வைத்துவிட்டார். கூரிய பொருள்களைக் கையாளத் தகுதியற்றவர், உணவு அனைத்தும் நறுக்கி ஊட்டப்பட வேண்டும், பராமரிப்பு இல்லத்துக்குப் பரிந்துரைக்கிறோம். ஆக்னஸ் என் நோயாளி என்பதால் அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டாக வேண்டும். மாட்டேன் என்றேன்.

அவர் மெதுவாகச் சொன்னார். “யோசிச்சுப் பாருங்க. உங்க பேப்பர்ஸ் எல்லாம் இன்னும் எச்.ஆர். டிபார்ட்மெண்ட்லதானே இருக்கு?”

மிரட்டல் என்று நான் சொன்னால், அக்கறையாகக் கேட்டேன் என்று அவர் சொல்லிவிடலாம். அப்படிப் பார்த்துப் பார்த்து அடுக்கிய வார்த்தைகள்.

வீட்டுக்கு வரும்போது கானாங்கெளுத்தி வாங்கிவந்தேன். சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்து அரிவாள்மணையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். என் கணவர் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“சைன் பண்ணிட்டுப் போயேன், சாந்தி. ஒரு பேஷண்ட்டுக்காக கிரீன் கார்டை ரிஸ்க் பண்றதா? நாளைக்கே petition-ஐ withdraw பண்ணிட்டாங்கன்னா மூட்டை கட்டணும்.”

“மூட்டை கட்டுவோம்ங்க. தூத்துக்குடில வீடு இல்லையா?”

“எனக்கு வேலை?”

“அந்தம்மாவுக்கு வீடு? ஏங்க, எங்கம்மா இங்க வந்து விழுந்திருந்தா இதே கேரல் அவளையும் ஃபெயில் பண்ணியிருப்பா. அருவாமணையைப் பார்த்தாலே போலீஸைக் கூப்பிட்டிருப்பா.”

அவர் குனிந்து மீனைப் பார்த்தார். “நீ கோவத்துல மீனை ரொம்பச் சின்னதா நறுக்கறே” என்றார். பிறகு, “சரி, உனக்கு என்ன தோணுதோ பண்ணு. ஆனா அங்க போய்க் கத்தாதே” என்றார். அவர் பயந்ததில் நியாயம் உண்டு, எனக்கும் பயம்தான். பயத்தோடுதான் அன்று சாப்பிட்டோம்.

நான் வேறு அறிக்கை எழுதினேன். தன் சொந்தக் கருவியால் உணவைத் தயாரிப்பதிலும் உண்பதிலும் முழுப் பாதுகாப்பு, முடங்கிய கையைத் தானாகவே பயன்படுத்துகிறார், வீட்டுக்கு அனுப்பலாம். கையெழுத்துப் போட்டுக் கூட்டத்தில் டாக்டர் முன்னால் வைத்தேன். கேரல் தன்னுடையதையும் வைத்தார். டாக்டர் இரண்டையும் புரட்டிவிட்டு, இரண்டு சமையல் குறிப்புகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்போல விழித்தார். கடைசியில் ரூத்தைப் பார்த்து, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்றார்.

ரூத் தடுமாறிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். முந்தின நாள்கூட என்னிடம், “ஊருக்கு அனுப்பி ஏதாவது ஆச்சுன்னா? ஆஸ்பத்திரியில வேணாம்னு சொல்லியும் அனுப்பினேன்னு ஆயிடுமே” என்று கண் கலங்கியிருந்தாள். கேரல் அவள் பக்கம் குனிந்து மிகவும் கனிவாகச் சொன்னார். “இல்லத்துல அம்மாவுக்கு ஒரு கஷ்டமும் இருக்காது. எல்லாத்தையும் அங்க இருக்கறவங்களே நறுக்கிக் கொடுத்துடுவாங்க.”

ரூத் நிமிர்ந்தாள். “என் அம்மாவுக்கா?” என்றாள். அறையில் யாருக்கும் புரியவில்லை, எனக்குப் புரிந்தது. “எங்க வீட்டுப் பங்கை அறுத்து ஊருக்கே அனுப்பறவங்க எங்கம்மா. அவங்களுக்கு இன்னொருத்தர் அறுத்துக் கொடுத்தா, தான் முடிஞ்சுபோயிட்டதா நினைச்சுப்பாங்க. அன்னையிலேர்ந்து சாப்பிட மாட்டாங்க.” என் அறிக்கையைத் தொட்டு, “இதை எடுத்துக்குங்க” என்றாள். டாக்டர் எடுத்துக்கொண்டார்.

அந்த ஆண்டு மதிப்பீட்டில் பாதுகாப்பு விதிகளை மதிக்காதவர் என்று எனக்கு எழுதினார்கள். எங்கள் மனு எச்.ஆர். மேஜையில் ஏதோ ஒரு விவரம் குறைகிறது என்று நகராமலே கிடந்தது. யாரும் அதை வாபஸ் வாங்கவில்லை, யாரும் அதை நகர்த்தவும் இல்லை. முடிவில் நான் வேறு மருத்துவமனை பார்த்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினேன். கிரீன் கார்டு வரும்போது என் கணவருக்கு மீசை பாதி நரைத்திருந்தது. இதற்கெல்லாம் வருத்தப்படுகிறேனா என்று கேட்டால், வருத்தமில்லை. எரிச்சல் உண்டு. ஒரு பெண் தன் இறைச்சியைத் தானே அறுத்துத் தின்னலாம் என்று எழுதுவதற்கு இவ்வளவு பாடா?

ஆக்னஸ் புறப்பட்ட நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். வாசல் வரை வீல்சேரில்தான் கொண்டுபோக வேண்டும், அதுவும் விதி. நான் தள்ளிக்கொண்டு போனேன். ரூத் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். கேரலும் வழியனுப்ப வந்தார். அவர் மனசு நல்ல மனசுதான். புதிதாக ஒரு பிளாஸ்டிக் பிடிக் கத்தியைப் பெட்டியோடு கொண்டுவந்து, மருத்துவமனையின் அன்பளிப்பு என்று ஆக்னஸின் மடியில் வைத்தார். ஆக்னஸ் மரியாதையாக நன்றி சொன்னார்.

காரின் முன்சீட்டில் உட்கார்ந்ததும் ரூத்தைப் பார்த்து அவர் கையை நீட்டினார். அவள் உலுவை எடுத்துக் கொடுத்தாள். ஆக்னஸ் தன் இடது கையைத் தூக்கி மடிமேல் மல்லாத்திப் போட்டார். மணிக்கட்டில், பெயரும் எண்ணும் அச்சடித்த மருத்துவமனையின் பிளாஸ்டிக் பட்டை இறுக்கமாகக் கிடந்தது. உலுவின் ஒரு மூலையை அதற்கும் தோலுக்கும் இடையில் நுழைத்தார். கேரல் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. உலு சற்றே திரும்பியது, அவ்வளவுதான். பட்டை இரண்டாகி விழுந்தது. தோலில் ஒரு கோடுகூட இல்லை. ஆக்னஸ் பட்டையை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். என்னிடம் இல்லை, கேரலிடம். கேரலுக்கு வாங்கிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

கார் போய்விட்டது. கேரல் பட்டையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“அது ரொம்பக் கூரா இருக்கு” என்றார், புகார் சொல்வதுபோல.

“கத்தி அப்படித்தான் இருக்கணும் கேரல்” என்றேன்.